நாணயம் மாறினால் நின்றுபோகும் இயந்திரங்கள்: கேரள எல்லையில் பழுதுபார்ப்போர் படும் பாடு

புது தில்லி: மத்திய நிதி அமைச்சகம் நாணயங்களின் அளவை மாற்றி அறிவிக்கை வெளியிடும்போதெல்லாம், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களில் சிறு இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைப்போருக்குப் புதிய சிக்கல் தொடங்குகிறது.

காசு போட்டால் எடை காட்டும் பொறி, கடைவாசலில் குழந்தைகளை ஏற்றி ஆடும் குதிரை, விடியோ விளையாட்டுப் பெட்டி என இவை அனைத்துக்கும் உயிர்நாடி, நாணயத்தைச் சோதிக்கும் சிறு பகுதிதான். நாணயத்தின் விட்டம், தடிமன், எடை, உலோகம் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் இயந்திரம் அதை ஏற்காது.

ஒரு ரூபாய்க்கு மூன்று அளவு

1992 முதல் 25 மி.மீ. விட்டத்தில் வந்த எஃகு ஒரு ரூபாய் நாணயம், 2011-ல் 22 மி.மீ. ஆகவும், 2019-ல் 20 மி.மீ. ஆகவும் சுருங்கியது. 2011-ல் வந்த இரண்டு ரூபாயோ 25 மி.மீ. விட்டமும் 4.85 கிராம் எடையும் கொண்டது. அதாவது பழைய ஒரு ரூபாயின் அதே அளவு. எனவே பழைய நாணயத்துக்கு அமைத்த பொறி, இரண்டு ரூபாயை விழுங்கிவிட்டு ஒரு ரூபாயாகவே கணக்கிடும். 2011 ஜூன் 30-ல் 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் செல்லாதவை ஆயின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பொறியைத் திறந்து அளவைத் திருத்த வேண்டியவர் பழுதுபார்ப்பவரே.

மலைப் பகுதியில் இயற்கையும் சோதிக்கிறது. மூணாறின் பனியும் மழையும் மின்சுற்றுப் பலகையில் ஈரம் படிய வைக்கின்றன. துலாவர்ஷக் காலத்து இடிமின்னல் மின்வழங்கியைக் கருக்குகிறது. பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்ல பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார், மறையூர் வழியாகத் தமிழகத்தைக் கடந்தே செல்லும் பாதை உண்டு. பத்து ரூபாய் உதிரிபாகத்துக்காக ஒரு நாள் கூலி பேருந்திலேயே கரைந்துவிடும்.

பூட்டிய பலகை

2016-ல் யுபிஐ வந்தபின் நாணயத் துளையின் இடத்தை க்யூஆர் குறியீடு பிடிக்கத் தொடங்கியது. ரிசர்வ் வங்கியே க்யூஆர் மூலம் சில்லறை வழங்கும் இயந்திரத் திட்டத்தை 2023-ல் அறிவித்தது. இதனால் திருகாணியும் பற்றவைப்புக் கோலும் மட்டும் போதாமல், மென்பொருளும் கடவுச்சொல்லும் தேவையாகிவிட்டன. அவை தயாரிப்பாளர் கையில் இருக்கும்வரை உள்ளூர்க் கைகளுக்கு வேலை இல்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கெனக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24-ல் இணையதளமும் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அப்போது தேர்வாயின. விற்பனை, கேளிக்கை இயந்திரங்கள் அப்பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை.

நாணயத்தின் அளவைத் தில்லி தீர்மானிக்கிறது. அதற்கான செலவை எல்லையோரத் தொழிலாளி சுமக்கிறார். அவருக்கும் அந்த உரிமை எட்டுமா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் தில்லியே.