பூனைக்குக் கழிவறைப் பழக்கம் வேண்டுமா?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்குப் பூனை புதிய விருந்தாளி அன்று. மீன் கூடை இறங்கும் இடமெல்லாம் அதுவும் வந்துவிடும்! அதை வீட்டில் வளர்க்கத் தொடங்கினால் சங்கடம் ஒன்றே. அதன் கழிவை என்ன செய்வது? நம் கழிவறையிலேயே பழக்கிவிட்டால் என்ன என்று தோழியருள் சிலர் கேட்டோம்.

பழக்க முடியும். அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் தம் பூனையைப் பழக்கிய முறையை ஒரு சிறு பிரசுரமாகவே எழுதினார். காகிதத் துண்டுகள் நிரப்பிய அட்டைப்பெட்டியைச் சிறிது சிறிதாகக் கழிவறைப் பக்கம் நகர்த்த வேண்டுமாம்.

ஆனால் மண்ணைத் தோண்டிப் புதைப்பதே பூனையின் பிறவிக் குணம். இன்னொரு தடையும் உண்டு, அதுவே பெரிது. 1908-இல் கண்டறியப்பட்ட டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டையுறைகள் பூனை இனத்தின் கழிவில்தான் வெளிவருகின்றன. குளோரினுக்கும் அவை எளிதில் மடிவதில்லை. கலிபோர்னியக் கடலோரத்தில் கடல் நீர்நாய்கள் பல இந்நோயால் இறந்தன. ஆகவே அங்கே 2006-இல் சட்டம் இயற்றி, பூனைக் கழிவைச் சாக்கடையில் விடவேண்டாம் என்று பூனைமண் பொட்டலங்களில் அச்சிடச் செய்தார்கள். நம் பகுதிச் சாக்கடையும் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் கலப்பதுண்டே!

எனவே மணல் நிரப்பிய பழைய தட்டே போதும். முட்டையுறை நோய் பரப்பும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். ஆதலால் கழிவைத் தினமும் காகிதத்தில் பொதிந்து குப்பையில் சேர்த்துவிட வேண்டும். கருவிலிருக்கும் குழந்தையை இந்நோய் தாக்கக்கூடும். கர்ப்பிணி அக்கா இருக்கும் வீட்டில் இவ்வேலையைத் தம்பியிடம் விட்டுவிடலாம். அவன் சோப்புப் போட்டுக் கை கழுவினானா என்று மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் சரி.