காலங் கடந்த குத்துச்சண்டைகள்

வெவ்வேறு யுகத்து வீரர் இருவரை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் ஆசை நமக்குப் புதியதன்று. திரேதா யுகத்து அநுமனும் துவாபர யுகத்து வீமனும் காட்டு வழியிற் சந்தித்த கதையைப் பாரதத்திற் கேட்டிருக்கிறோம். வழியை மறித்துக் கிடந்த கிழக் குரங்கின் வாலை அசைக்கவும் மாட்டாது வீமன் நாணி நின்றான் என்ற இடத்திற் குழந்தைகள் மட்டுமன்றிப் பெரியோரும் முறுவலிக்கின்றனர். கதையில் யுகங்களை இணைப்பது எளிது. குத்துச்சண்டை மேடையிலோ அது இயலாத காரியம். எனினும், "முகம்மது அலியும் றொக்கி மார்சியானோவும் தத்தம் இளமையில் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார்?" என்று ஒருமுறையாவது கேளாத குத்துச்சண்டைப் பிரியரைக் காண்பதரிது.

இவ்வினா வெறுந் திண்ணைப் பேச்சாக நின்றுவிடவில்லை. ஒருகால் அது யந்திரத்தின் முன் வைக்கப்பட்டது, வழக்காக மாறியது, திரைப்படமாகவும் வெளிவந்தது. அவ்வரலாறு சுவையானது மட்டுமன்று, சிந்திக்கத்தக்கதுமாகும்.

கணனி நடத்திய போட்டி

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மியாமி நகரைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனர் என்பவர் புதுமையான ஒரு திட்டத்தை வகுத்தார். பல காலத்தைச் சேர்ந்த பார எடைப் பிரிவு வீரர் 16 பேரைத் தெரிந்தெடுத்தார். குத்துச்சண்டை நிபுணர்களிடமும் எழுத்தாளர்களிடமும் கருத்துக் கேட்டு, அவ்வீரர்களின் வலிமை, வேகம், தாங்குந் திறன், சண்டையிடும் முறை ஆகியவற்றைக் கணக்காக்கிக் கணனி ஒன்றிற் செலுத்தினார். கணனி கண்ட முடிவுகள், சண்டை கண்முன்னே நடப்பது போன்ற நேர்முக வருணனையாக வானொலியில் ஒலிபரப்பாயின. மாண்டு மறைந்த வீரரும் முதுமையடைந்த வீரரும் மீண்டும் இளமை பெற்று மோதினர். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்சியை மார்சியானோ 13ஆவது சுற்றில் வீழ்த்தியதாகக் கணனி தீர்ப்பளித்தது.

அத்தொடரில் முகம்மது அலி, 1899 முதல் 1905 வரை உலக சம்பியனாக விளங்கிய ஜேம்ஸ் ஜெப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அலி அப்பொழுது 29 சண்டைகளில் ஒன்றிலேனுந் தோல்வி காணாதவர். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் அவ்வாண்டிலேயே பட்டத்தைப் பறிகொடுத்து, மேடையேறவும் அனுமதியின்றி இருந்தவர். தமது பெயருக்கு இழுக்கு நேர்ந்ததென்று பத்து இலட்சம் டொலர் நட்டஈடு கோரி அவர் வழக்குத் தொடர்ந்தார். ஈற்றில் இணக்கம் ஏற்பட்டது. மார்சியானோவுடன் கற்பனைச் சண்டை ஒன்றிற் படத்துக்காகத் தோன்ற அலி உடன்பட்டார்.

1969இல் மியாமியில் மூடிய மண்டபமொன்றில் அப்படம் எடுக்கப்பட்டது. அலிக்கு வயது 27, மார்சியானோவுக்கு 45. மார்சியானோ பெருத்திருந்த உடலை இளைக்கச் செய்து, வழுக்கையை மறைக்கப் பொய்ம்முடி தரித்து வந்தார். இருவரும் எழுபது சிறு சுற்றுகள் வரை மோதுவதுபோல் நடித்தனர். முடிவு இரகசியமாக இருத்தல் வேண்டுமென்று பலவகை முடிவுகள் படமாக்கப்பட்டன. தாம் வென்றாரா தோற்றாரா என்பதை மார்சியானோ காணவில்லை. 1969 ஓகஸ்ட் 31ஆந் திகதி, தமது 46ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் விமான விபத்தில் உயிர் துறந்தார்.

1970 ஜனவரி 20ஆந் திகதி படம் திரையிடப்பட்டது. அமெரிக்க மக்கள் கண்ட படத்தில் மார்சியானோ 13ஆவது சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவிற் காட்டப்பட்ட ஒரு பிரதியிலோ, முகத்திற் காயமுற்ற மார்சியானோ மேலுஞ் சண்டையிட இயலாது போக, அலி வென்றார்! வீரர் இருவரும் அவர்களே, கணனியும் ஒன்றே. கடலைத் தாண்டியதும் வெற்றி மட்டும் கைமாறிவிட்டது.

எந்த விதியின் கீழ்?

இம்முரண்பாட்டைக் கண்டு நகைத்துவிட்டு அப்பாற் செல்லலாகாது. கற்பனைப் போட்டியில் நடுநிலை காப்பது ஏன் கடினம் என்பதை ஆராய்வோம்.

மார்சியானோ 49 சண்டைகளிலும் வென்று, தோல்வியே காணாது 1956இல் ஓய்வு பெற்றவர். அவருடைய உயரம் ஏறக்குறைய 5 அடி 10 அங்குலம். எடை ஏறக்குறைய 185 இறாத்தல். இக்காலத்தில் 200 இறாத்தலுக்கு உட்பட்டோருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆகவே இன்று அவர் பார எடை வீரராகவே கருதப்படமாட்டார். அவர் பட்டம் வென்ற விதமும் நோக்கத்தக்கது. 1952 செப்டெம்பர் 23ஆந் திகதி பிலடெல்பியாவில் ஜேர்சி ஜோ வோல்கொட்டை எதிர்த்து நின்றபோது, 12 சுற்றுகள் முடிந்த வேளையில் நடுவர் மூவருடைய புள்ளிக் கணக்கிலும் அவர் பின்தங்கியே இருந்தார். 13ஆவது சுற்றில் வலக்கையால் விடுத்த ஒரே குத்து வோல்கொட்டைச் சாய்த்தது. அக்காலத்திற் பட்டப் போட்டிக்கு 15 சுற்றுகள். 1982இல் தென்கொரிய வீரர் ஒருவர் மேடையிற் பட்ட அடியால் மரணமடைந்த பின்னர், அது படிப்படியாக 12 ஆகக் குறைக்கப்பட்டது. இன்றைய விதி அன்றிருந்திருப்பின் மார்சியானோ அன்றிரவு தோற்றிருப்பார்!

டெம்சியின் கதையும் இத்தகையதே. 1919இல் ஜெஸ் வில்லார்ட் என்ற பேருருவினரை முதற் சுற்றிலேயே ஏழு தடவை வீழ்த்தினார். விழுந்தவர் எழும்போதே மீண்டுந் தாக்குவதற்கு அன்று தடையிருக்கவில்லை. 1927இல் ஜீன் டனியை வீழ்த்தியபோதோ விதி மாறியிருந்தது. வீழ்த்தியவர் உரிய மூலைக்குச் சென்ற பின்னரே மத்தியஸ்தர் எண்ணத் தொடங்குவார். பழைய வழக்கத்தின்படி டெம்சி அருகிலேயே நின்று தாமதித்தார். அத்தாமதம் டனிக்கு மூச்சுவிட அவகாசமளித்தது. ஈற்றில் டனியே வென்றார். ஒரே மனிதர், தம் வாழ்நாளிலேயே விதி மாறியமையால் இடருற்றார். அவ்வாறாயின் அரை நூற்றாண்டு இடைவெளியுள்ள இருவரை எந்த விதியின் கீழ் மோதவிடுவது?

காலங்கள் மெய்யாகவே மோதியபோது

இரு காலங்கள் உண்மையாகவே மேடையிற் சந்தித்ததும் உண்டு. 12 ஆண்டுகள் சம்பியனாக விளங்கி 25 தடவை பட்டத்தைக் காத்த ஜோ லூயிஸ், வருமான வரிக்கடன் நெருக்கியமையால் ஓய்வைக் கைவிட்டு மீண்டும் மேடையேறினார். 1951 ஒக்டோபர் 26ஆந் திகதி நியூயோர்க்கில் 28 வயது மார்சியானோ, 37 வயது லூயிஸை எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். 1980இல் அதே விதி அலிக்கும் நேர்ந்தது. 38 வயதில் லரி ஹோம்ஸை எதிர்த்த அவர், பத்துச் சுற்றுகள் அடிவாங்கியபின் பயிற்சியாளரால் நிறுத்தப்பட்டார். இச்சண்டைகளால் எவர் சிறந்தவர் என்பது துணியப்படவில்லை. முதுமை எவரையும் விடாதென்பதே தெளிவாயிற்று.

நடவாத சண்டைகள்

இதனினும் துயரமானது வேறொன்றுண்டு. ஒரே காலத்தில் வாழ்ந்து, மோதக்கூடியவராயிருந்தும் மோதவிடப்படாத வீரரின் கதை அது.

1880களில் தலைசிறந்து விளங்கிய பீற்றர் ஜாக்சன் கறுப்பினத்தவர். அக்காலச் சம்பியனான ஜோன் சல்லிவன், கறுப்பினத்தவருடன் பட்டத்துக்காகச் சண்டையிடேன் என மறுத்தார். ஜெப்ரீஸும் சம்பியனாயிருந்த காலத்தில் அதே எல்லையை வகுத்துக்கொண்டார். கறுப்பின வீரர் ஜாக் ஜோன்சன் 1908இற் சிட்னியிற் பட்டம் வென்ற பின்னரே, வெள்ளையரின் மானத்தைக் காக்குமாறு ஜெப்ரீஸ் ஓய்விலிருந்து அழைக்கப்பட்டார். 1910 ஜூலை 4ஆந் திகதி றீனோ நகரில் ஜோன்சன் அவரை 15ஆவது சுற்றில் வென்றார். அதனைப் பொறாது பல நகரங்களிற் கலவரம் மூண்டு உயிர்கள் மாண்டன. ஜோன்சன் 1915இற் பட்டத்தை இழந்தபின் 22 ஆண்டுகள், 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை, பார எடைப் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்புக் கறுப்பினத்தவர் எவருக்குங் கிட்டவில்லை. ஹரி வில்ஸ் என்பார் டெம்சியுடன் மோதப் பல்லாண்டு காத்திருந்தார். 1925இல் ஒப்பந்தமுங் கைச்சாத்தாயிற்று. சண்டை மட்டும் நடைபெறவேயில்லை.

இப்பின்னணியை அறிந்தோர்க்கு, 1967இல் ஜெப்ரீஸ் அலியை வென்றதாக வானொலி அறிவித்தபோது அலி ஏன் கொதித்தெழுந்தார் என்பது விளங்கும். யந்திரத்துக்கு நிறபேதந் தெரியாது. ஆனால் அதற்குப் புள்ளியிட்டு ஊட்டியோர் மனிதர். மனிதர் எதை எண்ணினரோ அதையே யந்திரம் திருப்பிச் சொல்லிற்று.

ஆகவே இளைஞர்களே, அலியா மார்சியானோவா என்று நீங்கள் வாதிடுவதை நாம் தடுக்கமாட்டோம். நல்ல வாதம் நினைவை வளர்க்கும். வரலாற்றைத் தேடிப் படிக்கவுந் தூண்டும். வாதிடுமுன் எந்த விதி, எத்தனை சுற்று, எந்த வயது என்பவற்றை வரையறுத்துக்கொள்ளுங்கள். அலி மார்சியானோவைச் சந்திக்காமற் போனதற்குக் காலமே காரணம்; அதற்காக எவரையும் நோவதற்கில்லை. வில்ஸ் டெம்சியைச் சந்திக்காமற் போனதற்குக் காரணம் காலமன்று, மனிதரே. வில்ஸ் வென்றிருப்பாரா என்று எந்தக் கணனியைக் கேட்டாலும், அவருக்கு மறுக்கப்பட்ட அந்த மேடையை அதனால் மீட்டுக் கொடுக்க முடியாது.