குருதி அறிக்கையில் நாம் பாராத வரி

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டிருக்கலாமென ஐயுறப்பட்டபோது, வீட்டுக்கு வீடு எழுந்த வினா ஒன்றே: "பிளேற்லெற் எத்தனை?" குருதிப் பெருக்கைத் தடுக்கும் இச்சிறுதட்டுக்கள் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் சாதாரணமாக 150,000 முதல் 450,000 வரை இருக்கும். ஆயின் அதே அறிக்கையில் 'பீ.சீ.வீ.' என்றொரு வரியும் உண்டு. அதை வினவுவார் அரியர். குருதியிற் செங்கலங்கள் அடைத்துக்கொள்ளும் நூற்றுவீதம் அது. டெங்கு கடுமையாகுங்கால் நுண்குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியும்; குருதி தடிக்கும்; அவ்வெண் ஏறும். நோயாளியின் வழக்கமான அளவிலும் ஐந்திலொரு பங்கு ஏறினால், கசிவு நிகழ்கின்றதென வைத்தியர் கொள்வர். இது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே நேர்வது. வீட்டார் நிம்மதி கொள்ளும் நாளும், ஐயோ, அதுவே! அன்று கைகால் குளிர்ந்தாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, ஓயாது வாந்தி எடுத்தாலோ, மறுநாட் பரிசோதனைக்குக் காத்திராது வைத்தியசாலைக்கு விரைக.