வாடகை வாசல் – 7: மாற்றுச் சாவி

போன வாரம் அட்வான்ஸ் பற்றிப் பேசினோம். அட்வான்ஸ் கைமாறும் நாளில் சாவியும் கைமாறும். ஆனால் மாடியில் வீட்டுக்காரர், கீழ்ப் போர்ஷனில் குடித்தனம் என்றிருக்கும் புதுச்சேரி வீடுகள் பலவற்றில் இன்னொரு சாவி அவரிடமே தங்கிவிடுகிறது. "மோட்டார் பார்க்க வந்தேம்மா" என்று தொடங்கும் வருகை, அடுப்பில் என்ன கொதிக்கிறது, நேற்று ராத்திரி வந்தது யார் என்கிற விசாரணையாக நீளும். நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்கும் நர்ஸ், கதவு தானாகத் திறக்கிற சத்தத்தில் பதறி எழுந்திருக்கிறார் என்றால், அதற்கு எந்த மோட்டாரும் சமாதானம் ஆகாது.

இதே ஊரில் பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் குடியிருந்தார். அவருக்கு வீடு விட்டவர்களில் ஒருவர் விளக்கெண்ணெய்ச் செட்டியார். வாடகை கேட்க வருவார். பாரதி பாடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து கேட்பார். பாக்கியைப் பற்றி வாய் திறக்காமலே போய்விடுவார் என்று எழுத்தாளர் வ.ரா. எழுதியிருக்கிறார். செட்டியாரின் தாராளத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவருடைய நடத்தை பெரிதாகத் தெரிகிறது. வாடகை பாக்கி இருக்கும்போதுகூட, அங்கே போனால் தான் விருந்தாளி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வீடுகளுக்கு வெளியே நிலைமை வேறு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊரில் அடைக்கலம் புகுந்த சுதேசிகளைக் கண்காணிக்கப் பிரிட்டிஷ் உளவாளிகள் தெருவிலேயே கிடந்தார்கள். 1912-ல், அவர்களில் ஒருவரான வ.வே.சு. ஐயரின் வீட்டுக் கிணற்றில் பொய்யான ஆவணங்களை யாரோ போட்டுவைத்தார்கள். தண்ணீர் இறைத்தபோது அவை கையில் சிக்க, சுதேசிகள் முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீசிடம் தெரிவித்தார்கள். அப்படியும் புகார் எழுந்து, அரவிந்தர் வீட்டைச் சோதிக்க விசாரணை நீதிபதி நாந்தோ வந்தார். கிரேக்க, லத்தீன் நூல்களைப் பார்த்ததும் அவருடைய சந்தேகம் மரியாதையாக மாறியது. அரவிந்தர் இருந்ததும் வாடகை வீடுதான். உள்ளே வர ஒரு புகாரும் ஒரு நீதிபதியும் தேவைப்பட்டன.

1799-ல் எழுதிய பிரெஞ்சு அரசியல் சாசனத்தில், வசிப்பவரின் வீடு மீறக்கூடாத புகலிடம் என்று இருந்தது. இரவில் தீ, வெள்ளம், உள்ளிருந்து யாராவது கூப்பிடுவது என மூன்றுக்கு மட்டுமே விலக்கு. நம் குற்றவியல் சட்டமும் அத்துமீறல் என்று வரும்போது சொத்து யார் அனுபோகத்தில் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. பத்திரம் யார் பெயரில் என்று கேட்பதில்லை. மிரட்டவோ அவமானப்படுத்தவோ தொந்தரவு செய்யவோ எண்ணி நுழைந்தால், வீட்டுக்காரர் மீதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு பாயலாம்.

புதுச்சேரியின் 1969-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெரிதும் வாடகை நிர்ணயத்தையும் காலி செய்யும் காரணங்களையும் பற்றியது. வீட்டுக்காரர் எப்போது வரலாம் என்பதைத் தமிழ்நாட்டின் 2017 சட்டமும், மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டமும் வெளிப்படையாகச் சொல்கின்றன: 24 மணி நேரத்துக்கு முன் தகவல், வருவதற்கான காரணம், நாள், நேரம். மாதிரிச் சட்டத்தை மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அதற்கு வலு.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பழுது பார்க்கவோ வீட்டைப் பார்வையிடவோ வருவதானால் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் தகவல், குடியிருப்பவர் இல்லாதபோது தீயோ தண்ணீர்க் கசிவோ தவிர வேறெதற்கும் பூட்டைத் திறப்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் பூட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.