காம்பின் கறுப்பைப் பாருங்கள்

பிரிட்டனின் பழைய தேவாலயச் சுவர்களிலும் ரயில் பாலங்களிலும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடுக்குகளில் ஒரு சிறு பெரணி வேர்பிடித்திருக்கும். மண் என்று சொல்லும்படி அங்கே ஏதுமில்லை. ஆனாலும் பனி உறைந்த ஜனவரியிலும் இலை பச்சை மாறாது. ஆங்கிலத்தில் மெய்டன்ஹேர் ஸ்ப்ளீன்வொர்ட்; லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட அறிவியல் பெயர் அஸ்ப்ளீனியம் ட்ரைகோமேனஸ். நம் நர்சரிகளில் விற்கும் பறவைக்கூடு பெரணியும் இதே பேரினம்தான். அதன் அகன்ற இலையைப் பார்த்தவர்கள் ஒரு சாண் உயரமே உள்ள இதை உறவு என்று நம்பமாட்டார்கள்.

இதை அடையாளம் காணக் காம்பைப் பார்க்க வேண்டும். இலையின் நடுக்காம்பு அடியிலிருந்து நுனிவரை கருஞ்செம்பழுப்பாக மினுங்கும்; இருபுறமும் சின்னஞ்சிறு வட்டச் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக அமைந்திருக்கும். நெருங்கிய உறவான அஸ்ப்ளீனியம் விரிடேயும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அதன் காம்பு அடியில் மட்டுமே கறுத்திருக்கும், மேலே பச்சை. ட்ரைகோமேனஸில் சிற்றிலைகள் உதிர்ந்த பிறகும் பழைய காம்புகள் கறுப்புக் கம்பிகளாகத் தூரிலேயே நிற்கும்.

நம் கிணற்றுச் சுவர்களில் வளரும் அடியாண்டம் பெரணிக்கும் கறுப்புக் காம்பு உண்டு. இலையைத் திருப்பினால் குழப்பம் தீரும். அடியாண்டத்தில் இலை விளிம்பே மடிந்து ஸ்போர்ப் பைகளை மூடியிருக்கும். ட்ரைகோமேனஸில் அவை நரம்பை ஒட்டிச் சிறு கோடுகளாக இருக்கும்.

இத்தனையும் கண்ணுக்குத் தெரிபவை. இதற்கு மேல்தான் உண்மையான சுவாரசியம். ஒரே தோற்றத்துக்குள் பல துணையினங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கு 72 குரோமோசோம்கள். சுண்ணாம்பு இல்லாத பாறையையே அது நாடும். இன்னொன்றுக்கு 144, சுண்ணாம்புக் கல்லும் காரையும் அதற்கு உகந்தவை. எனவே சுவரில் காண்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். உறுதிசெய்ய மைக்ராஸ்கோப்பில் ஸ்போரை அளக்க வேண்டும். 144 உள்ளதன் ஸ்போர் சற்றுப் பெரிது. இரண்டும் கலந்து பிறக்கும் செடிக்கு 108 குரோமோசோம்கள். செடி நன்றாக வளரும், ஸ்போர்கள்தான் சூம்பிப்போகும்.

பழைய சுவரைப் பழுதுபார்க்கிறோம் என்று இடுக்குகளையெல்லாம் கெட்டி சிமென்ட்டால் அடைத்தால் இந்தப் பெரணிக்கு இடமே இருக்காது. ஸ்போர் முளைத்ததும் முதலில் வருவது நகக்கண் அளவுகூட இல்லாத பச்சைத் தகடு. அதன்மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் ஆணணு நீந்திச் சென்று கருவுறுதல் நடக்கும். அந்த ஈரத்தைக் காத்துவைப்பது காரை இடுக்குதான்.