விண்ணுக்கும் கடலடிக்கும் போன மனிதர்

1962 மே 24 அன்று அமெரிக்காவிலிருந்து விண்வெளி வீரர் ஸ்காட் கார்பெண்டர் விண்ணுக்குக் கிளம்பியபோது மலாயாவில் இரவு எட்டேகால் மணி. விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டிய கெடா தோட்டத்துச் சனங்கள் லயன் வீடுகளில் பாய் விரிக்கிற நேரம். மலாயாவில் தொலைக்காட்சி தொடங்கியதே 1963 டிசம்பரில்தான். அதுவரை உலகச் செய்தி எட்டிய வழி வானொலியும் தமிழ் நாளேடும். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

'அரோரா 7' கலத்தில் கார்பெண்டர் பூமியை மூன்று முறை சுற்றினார். எரிபொருள் குறைந்து, குறித்த இடத்தைத் தாண்டிச் சுமார் 400 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தார். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அமெரிக்காவே பதறியபோது, அவர் ரப்பர் மிதவையில் ஏறி அமைதியாகக் காத்திருந்தார். அதன்பின் அவர் மீண்டும் விண்ணுக்குப் போகவில்லை.

ஆனால் அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் கவர்வது பிறகு நடந்ததுதான். 1965இல் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால், 62 மீட்டர் ஆழத்தில் கடற்படை இறக்கிவைத்த 'சீலேப் 2' என்ற இரும்பு வீட்டில் அவர் 30 நாள் தங்கினார். அந்த ஆழத்தின் அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மூளையை மயக்கும். அதனால் ஹீலியம் கலந்த காற்று. அதில் பேசினால் குரல் கீச்சென்று மாறிவிடும். அங்கிருந்தபடியே, பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த சக விண்வெளி வீரர் கார்டன் கூப்பரோடு பேசினார். கடலடியில் ஒரு மனிதன், விண்ணில் ஒரு மனிதன். எத்தனை பெரிய நிகழ்ச்சி! பள்ளிகளில் இதை யாரும் சொல்வதில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இன்று பால்மரக் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் வளர்கிறார்கள். விண்வெளி அவர்களுக்குக் கைப்பேசியில் இருக்கிறது. 2007 அக்டோபர் 10 அன்று மலேசியாவின் ஷேக் முசாபார் சுக்கோர் விண்ணுக்குப் போனார். விண்ணப்பித்த 11,000க்கும் மேற்பட்டவர்களில் கடைசி நால்வராகத் தேறியவர்களுள் சிவ வனஜா என்ற பொறியியலாளரும் ஒருவர். நம் பெண் அவ்வளவு தூரம் போனதைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

விண்வெளிக் கனவு இப்படி வீட்டுக்குள் வந்துவிட்டது. கடல் மட்டும் அன்று இருந்த தொலைவிலேயே நிற்கிறது. ஜெராய் மலையை அடையாளம் பார்த்துக் கடாரம் என்ற இந்தக் கெடாவுக்குக் கப்பலோட்டி வந்த இனம் நாம். இன்றும் சென்னையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்க 'மத்ஸ்யா 6000' கலத்தை உருவாக்கி வருகிறது. இங்கோ, ஆற்றுப் பக்கம் போகாதே, குட்டைப் பக்கம் போகாதே என்று தோட்டத்தில் அம்மாக்கள் சொன்ன பயம் தாமான் வீடுகளுக்கும் கூடவே வந்துவிட்டது. அன்று அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. நீச்சல் சொல்லித்தர ஆளில்லை.

இன்று ஆளிருக்கிறது, குளமிருக்கிறது. பெற்றோரே, பிள்ளையை முதலில் நீச்சலுக்குச் சேர்த்துவிடுங்கள். பிறகு ஒரு பள்ளி விடுமுறையில் லங்காவியிலிருந்து படகேறி, நம் கெடாவின் பாயார் தீவுக் கடல் பூங்காவுக்கு அழைத்துப்போய்ப் பவளப்பாறைகளைக் காட்டுங்கள்.