சேமிக்கும்போது அறுபடும் இணைப்பு

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்ப் பகுதிகளின் மாணவர்களுக்கும் அறிமுகமான பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளமாகும். அத்தகைய யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில், வேறொரு கோப்பின் இருப்பிட முகவரியை மட்டுமே தாங்கிநிற்கும் சிறு கோப்பு 'சிம்லிங்க்', அதாவது குறியீட்டு இணைப்பு, எனப்படுகிறது.

இணைப்பின் வழியே திறந்த கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. இடையில் மின்சாரம் நின்றாலும் பழைய உள்ளடக்கம் அழியாதிருக்க, உரைத்தொகுப்பி மென்பொருள்கள் சில புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பொன்றில் எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. அப்பெயர் இணைப்புக்குரியதாயின், இணைப்பு மறைந்து அவ்விடத்தில் சாதாரணக் கோப்பு அமர, மூலக்கோப்போ திருத்தம் பெறாமலே கிடக்கிறது. பிழைச்செய்தி ஏதும் தோன்றாததே இதில் மிகவும் தொல்லையானது. 'செட்' (sed) கட்டளையின் நேரடித் திருத்த வசதி, தனியே கேட்டுக்கொள்ளாவிடில், இவ்வாறே இணைப்பை அறுத்துவிடும்; 'விம்' தொகுப்பியோ இயல்பமைப்பில் இணைப்பை இனங்கண்டு மூலக்கோப்பிலேயே எழுதுகிறது. இணைப்பு சுட்டும் உண்மை முகவரியை முதலில் கண்டறிந்து, அதே அடைவில் தற்காலிகக் கோப்பை உருவாக்கிப் பெயர்மாற்றும் முறை இரண்டினும் சிறந்ததெனலாம். ஆயினும் அந்த அடைவில் எழுத அனுமதி இல்லாத பயனருக்கு அது கைகொடுக்காது.